கிளவுஸும் கறுப்பு கோட்டும்

உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பஸ்ஸில் வந்து எலவனாசூர்கோட்டையில் இறங்கினேன். திருக்கோவிலூர் ரோடு பிரிகிற பக்கம் ஒரு டீக்கடை. கரும்பு லாரி ஒன்று திணறிக்கொண்டு திரும்பியது. பெஞ்சின் ஓரத்தில் காலேஜ் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட, அவன் மட்டும் சர்க்கரை போடாத கட்டன் டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

"பஜ்ஜி சாப்பிடுப்பா" என்றார் கடைக்காரர்.

"வேணாண்ணா. ஒன்றரை கிலோ கூட இருக்கேன். அறுபதுக்குள்ள வரணும்."

அறுபது என்பது அவன் ஆடுகிற எடைப்பிரிவு. பாக்ஸிங். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிக்கிறான், கணக்கு மேஜர். கேட்டதும் பையைத் திறந்து காட்டினான். மேலே ஒரு நோட்டு, அடியில் தோல் உரிந்த கிளவுஸ் ஒரு ஜோடி, இரண்டுக்கும் நடுவில் சுருட்டி வைத்த துணிப்பட்டை. அம்மாவின் பழைய நூல்சேலையில் கிழித்ததாம்.

"எப்படிக் கட்டுவே?" என்றேன். செய்து காட்டினான். நாலரை மீட்டர் நீளம் இருக்கும். ஒரு முனையில் கட்டைவிரல் நுழைய ஒரு காது. அதை மாட்டி, புறங்கைமேல் இழுத்து, மணிக்கட்டில் மூன்று சுற்று. அப்புறம் விரல் முட்டிகளின்மேல் மூன்று சுற்று. சுண்டுவிரல் இடுக்கு, மோதிரவிரல் இடுக்கு, நடுவிரல் இடுக்கு என்று ஒவ்வொன்றாக நுழைத்து எடுத்து, மறுபடி மணிக்கட்டுக்கே வந்து முடிச்சு. இறுக்கினால் விரல் மரத்துப்போகும், தளர்த்தினால் முட்டி பெயரும். கட்டி முடித்ததும் கையை மடக்கி, விரித்து, மடக்கிப் பார்த்தான். புடவைக் கொசுவம் எடுப்பதுபோல அத்தனை பொறுமை. இந்தக் கைதான் நாளைக்கு ஒருவனை அடிக்கப் போகிறது என்பதை நம்பக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

வீட்டுப் பின்னால் புளியமரத்தில் யூரியா சாக்கில் மணலும் கந்தலும் அடைத்துத் தொங்கவிட்டிருக்கிறான். மாதம் நாலு தடவை கடலூர் போய் ஒரு கோச்சிடம் கற்றுக்கொள்கிறான். அம்மாவுக்கு மூக்கு உடையும் என்கிற பயம். அப்பா எதுவும் சொல்வதில்லை. காலேஜில்தான் சிக்கல். செலக்‌ஷனுக்குப் போக மூன்று நாள் ஓ.டி., அதாவது 'ஆன் டியூட்டி' அனுமதி, கேட்டிருக்கிறான். "ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்காதுப்பா. பாக்ஸிங்கா, படிப்பா? ஒண்ணு சொல்லிட்டுப் போ" என்றாராம் துறைத்தலைவர்.

அவன் அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான், பதில் என்னிடம் இருப்பதுபோல. இருந்தது. ஆனால் பஸ் வந்துவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போனதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வார்த்தையைச் சரிசெய்துவிடலாம். 'அமெச்சூர்' என்றால் நம் ஊரில் அரைகுறை என்று அர்த்தம் பண்ணுகிறோம். சபா நாடகக்காரர்கள் மட்டும்தான் அதைக் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். குத்துச்சண்டையில் அதற்குப் பொருள் வேறு: சண்டைக்குக் காசு வாங்காதவர். ஒலிம்பிக்கில் நாம் பார்த்தது அந்த மரபில் வந்த ஆட்டம்தான். மூன்று நிமிடம், ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம் என மூன்று ரவுண்டு. எதிராளியை வீழ்த்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சுத்தமாக, இலக்கில் விழுகிற குத்துக்குத்தான் நடுவர்கள் பாயின்ட் போடுவார்கள்.

இந்தியாவில் இந்த ஆட்டத்தின் தந்தை என்று அழைக்கப்படுகிறவரே பல்கலைக்கழகம் போனவர்தான். பரேஷ் லால் ராய். 1893இல் பிறந்த வங்காளி. அப்பா பாரிஸ்டர். லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்து, கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரிக்குப் போனார். கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்ஃபோர்டும் ஒன்றோடொன்று மோதுகிற போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக இறங்குகிறவருக்கு 'புளூ' என்று ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதையைக் குத்துச்சண்டையில் வாங்கியவர் ராய். வெள்ளைக்கார மாணவர்கள் நடுவே, பிரிட்டிஷ் ராஜ்ஜியம் உச்சத்தில் இருந்த நாளில், ஒரு இந்தியன் ரிங்கில் ஏறி அவர்களை அடித்தால் அது சட்டப்படி குற்றமில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்தக் குடும்பமே ஒரு தினுசு. அம்மா லோலிதா ராய், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1911இல் லண்டன் வீதிகளில் நடந்த பேரணியில் இந்தியப் பெண்களோடு போனவர். தம்பி இந்திர லால் ராய் முதல் உலகப்போரில் போர்விமானி. 1918 ஜூலையில் பதின்மூன்றே நாளில் பத்து எதிரி விமானங்களை வீழ்த்தினார். அதே மாதம் 22ஆம் தேதி வானிலேயே இறந்தார். வயது பத்தொன்பது. பரேஷும் அதே போரில் படையில் இருந்தவர்தான். உயிரோடு திரும்பி, கல்கத்தா வந்து, ரயில்வேயில் அதிகாரியாக உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது தவறு. வங்காளத்துப் பையன்களைக் கூட்டிவைத்துக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தார். அதுவரை பட்டாள முகாம்களிலும் ஆங்கிலோ இந்தியர் வட்டத்திலும் இருந்த ஆட்டம், இந்தியப் பையன்களின் கைக்கு வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1979 வரை வாழ்ந்தார்.

'பாரிஸ்டர் பிள்ளைக்கு என்ன குறை? எங்கள் பையன் புளியமரத்தில் சாக்கு கட்டி அடிக்கிறான்' என்று கேட்கத் தோன்றும். நியாயம். அதனால்தான் இன்னொருவரையும் கூட்டி வருகிறேன். அவர் கதை கொஞ்சம் நீளம்.

எட்டி ஈகன். 1897இல் அமெரிக்காவின் டென்வரில் பிறந்தார். ஒரு வயதாகும்போது அப்பா ரயில்வே விபத்தில் போய்விட்டார். ஐந்து ஆண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மா ஃபிரெஞ்சும் ஜெர்மனும் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். பையன் கையில் அப்போது கிடைத்தது, நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் தொங்கிய துப்பறியும் நாவல் மாதிரி, மலிவு விலைக் கதைப்புத்தகங்கள். அவற்றின் நாயகன் ஃபிராங்க் மெரிவெல். யேல் பல்கலைக்கழக மாணவன், எல்லா விளையாட்டிலும் கெட்டி, குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான். ஈகன் அந்தக் கற்பனைப் பையனைப் பார்த்துத் தன் வாழ்க்கையை அளவெடுத்துக்கொண்டார். ஆயுள் முழுக்கக் குடியும் புகையும் தொடவில்லை என்பது மட்டுமா? கதைநாயகன் படித்த அதே யேலுக்கே போய்ச் சேர்ந்தார்! புரூஸ் லீ படம் பார்த்துவிட்டுக் கராத்தே கிளாஸில் சேர்ந்தவர்களை நமக்குத் தெரியும். அவர்களில் எத்தனை பேர் இப்படிக் கடைசிவரை போனார்கள்?

ஊரில் குத்துச்சண்டை கற்றார். டென்வரில் ஒரு வருஷம் கல்லூரி. நடுவே போர் வந்ததால் பீரங்கிப் படையில் லெஃப்டினன்ட். போர் முடிந்ததும் யேல். 1919இல் அமெரிக்க அமெச்சூர் ஹெவிவெயிட் பட்டம். அடுத்த வருஷம் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக்.

இந்தியா அந்த ஒலிம்பிக்குக்கு ஓட்டக்காரர்களையும் மல்யுத்த வீரர்களையும் அனுப்பியது. குத்துச்சண்டைக்கு ஆள் இல்லை. நம் வீரர்கள் ஒலிம்பிக் ரிங்கில் ஏற 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் பதக்கத்துக்கு இன்னும் அறுபது வருஷம், 2008இல் விஜேந்தர் சிங் வரும் வரை.

ஆன்ட்வெர்ப்பில் லைட் ஹெவிவெயிட் இறுதிச்சுற்று. ஒரு மூலையில் ஈகன், பின்னாளில் வக்கீல் ஆகப் போகிறவர். எதிர் மூலையில் நார்வேயின் ஸ்வெர்ரே சோர்ஸ்டால். அவர் பின்னாளில் டாக்டர். பாயின்ட் கணக்கில் ஈகன் ஜெயித்தார், தங்கம். தோற்ற சோர்ஸ்டால் சும்மா இருந்துவிடவில்லை. நாலு வருஷம் கழித்து பாரிஸ் ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட்டிலேயே வெண்கலம் வாங்கினார். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது என்கிறவர்கள் அந்த இறுதிச்சுற்றைக் கொஞ்சம் மனக்கண்ணில் பார்க்க வேண்டும். மேடையில் மொத்தம் நாலு கத்தி.

அதோடு முடிந்திருந்தால் பதக்கப் பட்டியலில் ஒரு வரி. ஈகன் 1921இல் யேலில் பட்டம் வாங்கி, சட்டம் படிக்க ஹார்வர்டில் சேர்ந்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் போனார். அங்கே இருந்தபடியே 1923இல் பிரிட்டிஷ் அமெச்சூர் ஹெவிவெயிட் பட்டத்தையும் தட்டிக்கொண்டார். அதை ஜெயித்த முதல் அமெரிக்கர் அவர்தான். அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே தோற்று வெளியே வந்தார். இதைச் சொல்லாமல் விட்டால் கதை மெரிவெல் கதை ஆகிவிடும்.

ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்குக் கிடைத்த கூட்டாளி கிளைட்ஸ்டேல் பிரபு. இவரும் அங்கே படித்தவர், ஸ்காட்லாந்தின் மிடில்வெயிட் சாம்பியன். இரண்டு பேரும் உலகத்தைச் சுற்றக் கிளம்பி, போன இடத்திலெல்லாம் உள்ளூர் சாம்பியன்களோடு ஆடினார்கள். ஒரு ஏழை வீட்டுப் பையனும் ஒரு கோமகனும் இப்படிக் கிளம்ப முடியுமா என்று கேட்காதீர்கள். ஆனால் அந்தப் பிரபு பிற்பாடு நம் பக்கமும் வந்தார். 1933 ஏப்ரல் 3ஆம் தேதி, பிகாரின் பூர்ணியாவிலிருந்து கிளம்பி, எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலே முதன்முதலில் பறந்த இரண்டு விமானங்களில் ஒன்றை ஓட்டியவர் அவரே.

ஈகனின் இன்னொரு நண்பர் ஜீன் டன்னி, காசுக்கு ஆடியவர், உலக ஹெவிவெயிட் சாம்பியன். கல்லூரி வாசல் மிதிக்காதவர். ஆனால் பையில் எப்போதும் ஷேக்ஸ்பியர் இருக்கும். 1928இல் யேல் பல்கலைக்கழகமே அவரைக் கூப்பிட்டு, மாணவர்களுக்கு ஷேக்ஸ்பியர் பற்றிப் பேசச் சொன்னது. ஆக, ரிங்கிலிருந்து வகுப்புக்கும் வழி இருக்கிறது.

1932. ஈகன் வக்கீலாகிவிட்டார், வயது 34. அமெரிக்காவின் லேக் பிளாசிடில் குளிர்கால ஒலிம்பிக். பனிச்சரிவில் நாலு பேர் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு போகும் பாப்ஸ்லெட் வண்டிக்கு ஒரு ஆள் குறைகிறது. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஈகனைக் கூப்பிட்டார்கள். அதுவரை அவர் அந்த வண்டியில் ஏறினதே இல்லை. சரி என்றார். ஓட்டுநர் பில்லி ஃபிஸ்க், இருபது வயதுப் பையன். நாலு ஓட்டம். நாலையும் கூட்டிப் பார்த்தால் இரண்டாம் இடத்து வண்டியைவிட இரண்டே விநாடி முந்தியிருந்தார்கள். தங்கம். கோடை ஒலிம்பிக்கிலும் குளிர்கால ஒலிம்பிக்கிலும் வெவ்வேறு விளையாட்டில் தங்கம் வாங்கியவர் என்று இன்றுவரை அவர் ஒருவர்தான். ஃபிஸ்க் எட்டு வருஷம் கழித்து பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போரிட்டு இறந்தார்.

பிற்பாடு ஈகன் 1945 முதல் 1951 வரை நியூயார்க் மாகாணத்தில் குத்துச்சண்டையைக் கட்டுப்படுத்தும் ஆணையத்தின் தலைவர். எனக்கு இரண்டு தங்கத்தைவிட இந்த இடம்தான் பிடித்திருக்கிறது. அந்தக் காலத்து நியூயார்க் குத்துச்சண்டை, சூதாட்டக் கும்பலின் கையில் இருந்த சமாச்சாரம். 1947இல் ராக்கி கிராசியானோ என்கிற பெரிய நட்சத்திரத்தின் லைசென்ஸையே ஆணையம் ரத்து செய்தது. லஞ்சம் கொடுக்க ஆள் வந்ததைச் சொல்லாமல் மறைத்தார் என்பது குற்றச்சாட்டு. சூதாட்டக் கும்பலை அந்த ஆணையத்தால் ஒழிக்க முடியவில்லை, அது வேறு விஷயம். ஆனால் குத்தும் தெரிந்து சட்டமும் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தார். நம் விளையாட்டுச் சங்கங்களின் நாற்காலிகளில் யார் இருக்கிறார்கள் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு கசப்பான சங்கதி. காசு வாங்காமல் ஆடுவது பெருமை என்ற அந்த அமெச்சூர் சட்டம் சுத்தமான சட்டம் அல்ல. இங்கிலாந்தின் ஹென்லி படகுப்போட்டியில் கைத்தொழிலாளிகளையும் கூலிக்காரர்களையும் அமெச்சூர் இல்லை என்று தள்ளிவைக்கிற விதியே இருந்தது. 1920இல் ஜான் கெல்லி என்கிற அமெரிக்கரை அங்கே சேர்க்க மறுத்தார்கள். அவர் செங்கல் வைத்துப் பிழைத்த கொத்தனார் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதே வருஷம் அதே ஆன்ட்வெர்ப்பில் கெல்லி படகில் தங்கம் வாங்கினார். ஈகன் தங்கம் வாங்கிய அதே ஒலிம்பிக். ஒருவரிடம் ரோட்ஸ் உதவித்தொகை இருந்தது, இன்னொருவரிடம் கரண்டி இருந்தது.

வடசென்னையில் துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும் வளர்த்த குத்துச்சண்டையை நாம் பல காலம் ரவுடித்தனம் என்று ஒதுக்கி வைத்ததும் இந்த ஹென்லி புத்திதான். 2021இல் 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தபிறகுதான் பலருக்கு அது கலை என்று தெரிந்தது. ஆனால் அதற்கு முன்பே சென்னையைச் சேர்ந்த வி. தேவராஜன் 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கி, அர்ஜுனா விருதும் பெற்றிருந்தார். 2019இல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டில் சென்னைப் பெண் எஸ். கலைவாணி 48 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு ஒரு பெயரைச் சொல்லலாம் என்று தேடினேன், கிடைக்கவில்லை. மாவட்டமே 2019 நவம்பரில்தான் பிறந்தது. கல்வராயன் மலையில் பலாவும் தேனும் கிடைக்கும், மலையேறி இறங்கும் பிள்ளைகளுக்கு மூச்சு கெட்டி. ரிங்தான் வேண்டும்.

அந்த அம்மாவின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. தலையில் அடி வாங்கிக்கொண்டே இருந்தால் மூளை கெடும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லேண்ட் 1928லேயே எழுதிவைத்தார். ஆண்கள் ஆட்டத்தில் 2013இல் தலைக்கவசத்தையும் எடுத்துவிட்டார்கள். அதனால் பையனுக்கு நல்ல கோச் வேண்டும், ரிங் பக்கத்தில் டாக்டர் வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்துகிற நடுவர் வேண்டும். இவை இல்லாத இடத்தில் ஆடாதே என்று சொல்கிற உரிமை அம்மாவுக்கு முழுசாக இருக்கிறது. யூரியா சாக்கை அடிப்பதில் மூக்கு உடையாது, அதுவரை நிம்மதி.

படிப்பு கெடும் என்கிற வாதம்தான் எனக்கு விளங்கவில்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்களைத் தமிழ்நாடு ஒதுக்குகிறது. அரசு வேலையில் 3 சதவீதம். ரயில்வே, போலீஸ், ராணுவம் மூன்றும் குத்துச்சண்டை வீரர்களைத் தேடி எடுக்கின்றன. பரேஷ் லால் ராய் உட்கார்ந்த அதே ரயில்வேதான். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி வருஷாவருஷம் நடக்கிறது. 2020இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டிலும் பாக்ஸிங் உண்டு. மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 2005 முதல் இருக்கிறது. அரசாங்கம் உறையை அகலமாகத்தான் தைத்து வைத்திருக்கிறது. ஆனால் இதில் எந்த ஒன்றுக்கும் போய்ச் சேர, முதலில் காலேஜ் செலக்‌ஷன், அப்புறம் பல்கலைக்கழகச் செலக்‌ஷன். இரண்டுக்கும் வகுப்பு நாளில்தான் போயாக வேண்டும். அட்டென்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. ஆகவே எல்லாமே கடைசியில் ஒரு வெள்ளைத்தாளுக்கு வந்து நிற்கிறது: உடற்கல்வி இயக்குநர் எழுதி, துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டு, முதல்வர் அனுமதிக்கிற ஓ.டி. லெட்டர்.

முதல்வர்களே, துறைத்தலைவர்களே, இந்த இதழ் உங்கள் ஸ்டாஃப் ரூமுக்கும் வரும் என்று நம்பி எழுதுகிறேன். விட்டுப்போன வகுப்புக்கு ஒரு டெஸ்ட் வையுங்கள், அசைன்மென்ட் கூடக் கொடுங்கள். மார்க் குறைந்தால் கூப்பிட்டுத் திட்டுங்கள். அந்தத் தாளில் மட்டும் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள்.

போன வாரம் அந்தப் பையனுக்குப் போன் பண்ணினேன். எடை 59.8க்கு வந்துவிட்டது. செலக்‌ஷன் திங்கட்கிழமை. லெட்டர் இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறதாம்.